ஹைவேயில் வழி தவறினால் முன்னுக்கே போங்க

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் வான் ஓட்டுகிற தம்பிமாருக்கும், அந்த வானில் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிற தங்கச்சிமாருக்கும் அக்கா இதை எழுதுகிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரை ஏற்றிவிடுவதற்கோ, வருஷக்கணக்கில் பார்க்காதவரைக் கூட்டிக்கொண்டு வருவதற்கோ கட்டுநாயக்கவுக்குப் போய் வராத குடும்பம் இன்று நம்ம தோட்டங்களில் குறைவு. போகிற பாதையில் கடைசித் துண்டு அதிவேக நெடுஞ்சாலை. அந்தத் துண்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அதில் ஏறிய பிறகு உங்கள் வானுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. அப்படி நினைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டீர்களா, தாண்டியது தாண்டியதுதான். அடுத்த வாயில் வரும்வரை முன்னுக்கே போங்க.

இதை நம்ம ஆட்களுக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. கெட்டிக்காரத்தனம் இல்லாததால் அல்ல. மலையில் ஓட்டிப் பழகியவன் நாட்டில் எங்கேயும் ஓட்டுவான். ஆனால் மலையில் ரிவர்ஸ் எடுப்பது ஒரு மரியாதை. தோட்டத்துப் பாதையில் எதிரே கொழுந்து லொறி ஏறி வந்தால் இறங்குகிற வான்தான் ஒதுங்க வேண்டும். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது நம்ம பக்கத்துச் சட்டம். சாரதி கழுத்தைத் திருப்பிப் பின்னுக்குப் பார்க்கிறார். கூட வந்த பையன் குதித்து இறங்கி, வானின் உடம்பைத் தட்டிக்கொண்டே, "வரலாம், வரலாம், கொஞ்சம் ரைட்டுக்கு, போதும்" என்கிறான். ஒரு பக்கம் கான், மறுபக்கம் தேயிலைச் சரிவு. முடக்கில் ஒரு டயர் அகலத்துக்கு ஒதுங்கி நின்றதும் அந்தப் பையனே பின் டயருக்கு ஒரு கல்லை வைக்கிறான். லொறிக்காரர் கையைத் தூக்கிவிட்டுப் போகிறார். நாள் முழுக்க இப்படித்தான். பின்னுக்கு எடுத்துக் கொடுக்காத சாரதிக்குத்தான் கெட்ட பெயர்.

ஹட்டன் ரோட்டிலும் அப்படியே. கினிகத்தேனையில் திரும்ப வேண்டிய இடத்தைப் பத்தடி தாண்டிவிட்டால் நிறுத்தி, பின்னுக்கு எடுத்து, திரும்பிப் போய்விடலாம். பின்னால் வருகிற பஸ் ஒரு ஹோர்ன் அடிக்கும், அவ்வளவுதான். கைக்கு இது பழகிவிட்டது. அதனால்தான் ஹைவேயில் போர்டைத் தாண்டின உடனே, யோசிக்கிறதுக்கு முன்னாலேயே, கை கியருக்குப் போகிறது. நான் சொல்கிற ஆபத்து அந்தக் கையில் இருக்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்க

நம்ம அதிவேக நெடுஞ்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீற்றர் போகும். முன்னால் ஒன்று நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 40 மீற்றர் போய்விடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க, நல்ல டயர், காய்ந்த பாதை என்றால் இன்னும் 55, 60 மீற்றர். மொத்தம் 100 மீற்றர். மழை பெய்து பாதை நனைந்திருந்தால், ஆள் நிறைந்த வான் என்றால், 150 மீற்றரும் போதாது.

இப்போது உங்கள் பக்கம். வாயிலைத் தாண்டி 100 மீற்றர் போய்விட்டீர்கள். ஓரமாக மெதுவாகப் பின்னுக்கு எடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ரிவர்ஸ் எடுத்தால் அந்த 100 மீற்றருக்கு 36 விநாடி ஆகும். அதே 36 விநாடியில் பின்னால் 100இல் வருகிற வாகனம் 1 கிலோமீற்றர் வந்துவிடும். அதாவது, நீங்கள் கண்ணாடியில் பார்த்து, "ஒருத்தரும் வரவில்லை" என்று சொன்ன நேரத்தில் உங்கள் கண்ணுக்கே எட்டாத தூரத்தில் இருந்த லொறி, நீங்கள் வாயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் உங்கள் பின்பக்கத்துக்கு வந்துவிடும். தோட்டத்துப் பாதையில் "ஒருத்தரும் வரவில்லை" என்பது உண்மை. ஹைவேயில் அது உண்மை இல்லை.

இன்னொன்று. பின்னால் வருகிறவருக்கு உங்கள் வான் பின்னுக்கு வருகிறது என்பதே தெரியாது. ஹைவேயில் முன்னால் ஒரு வாகனத்தின் சிவப்பு லைட் தெரிந்தால், அது தன்னோடு அதே பக்கம் ஓடுகிறது என்றுதான் எந்தச் சாரதியும் எடுத்துக்கொள்வார். நிற்கிறது என்று புரியவே நேரம் எடுக்கும். நம்மை நோக்கி வருகிறது என்று புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஹசாட் லைட்டைப் போட்டுக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தால் பரவாயில்லை என்று சில பேர் சொல்கிறார்கள். பரவாயில்லை என்பதே இல்லை. அந்த லைட், "நான் நிற்கிறேன்" என்று சொல்கிறது. வாகனமோ பின்னுக்கு வருகிறது. அது பொய் சொல்லும் லைட்.

ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வருகிற வானின் உள்ளே ஒரு தரம் பாருங்க. கடைசி சீட்டுக்குப் பின்னால் பெரிய சூட்கேஸ் இரண்டு, அதன் மேல் கம்பளிப் பொதி, அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி, பெட்டியில் மார்க்கர் பேனாவால் எழுதின பெயரும் தோட்டமும். கூரை வரைக்கும் சாமான். பின் கண்ணாடி மொத்தமாக மூடிப்போய்விட்டது. உள்ளே இருக்கிற கண்ணாடியில் சாரதிக்குத் தெரிவது அந்த அட்டைப்பெட்டி மட்டும். இந்த நிலையில் வெளிக்கண்ணாடி இரண்டை நம்பி, இரவு நேரத்தில், 100 கிலோமீற்றர் வேகப் பாதையில் பின்னுக்கு எடுப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தோட்டத்தில் போல, "டேய், இறங்கிப் பார்த்துச் சொல்லு" என்று பையனை இறக்கிவிடுவது இதைவிட மோசம். வானுக்கு இரும்பு உடம்பாவது இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது

நீட்டிச் சொல்ல இதில் அதிகம் இல்லை. அதிவேக நெடுஞ்சாலையில் ரிவர்ஸ் எடுக்கக்கூடாது, யூ டேர்ன் போடக்கூடாது, எதிர்ப்பக்கமாக ஓட்டக்கூடாது, வாகனம் பழுதானால் தவிர நிறுத்தக்கூடாது. நடந்து போகக்கூடாது. மோட்டார் சைக்கிளும் த்ரீவீலும் ஏறவே கூடாது. ஓடுகிற வரிசைக்கு மட்டும்தான் இந்தத் தடை என்று நினைக்காதீங்க. இடது ஓரத்தில் கோட்டுக்கு வெளியே இருக்கிற ஒதுங்கும் பகுதியிலும் ரிவர்ஸ் கூடாது. ஏறுகிற, இறங்குகிற வளைவுப் பாதையிலும் கூடாது. வேறு நாடுகளிலும் இதுதான். பிரிட்டனின் வீதி விதிக் கோவையில் 263ஆம் விதி இதையே சொல்கிறது: மோட்டார்வேயில் ரிவர்ஸ் எடுக்காதே, இறங்கும் இடத்தைத் தவறவிட்டால் அடுத்த இடம் வரை போ.

நமக்கு இந்தப் பாதைகளே புதுசு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாட்டின் முதல் அதிவேக நெடுஞ்சாலை, கொட்டாவையிலிருந்து காலிப் பக்கம் பின்னதுவ வரை, 2011 நவம்பரில்தான் திறந்தார்கள். கொழும்பு கட்டுநாயக்க பாதை 2013 ஒக்டோபரில். கொழும்பைச் சுற்றிப் போகிற வெளிவட்டப் பாதையைத் துண்டு துண்டாகத் திறந்து, கடவத்தையிலிருந்து கெரவலப்பிட்டிய வரையான கடைசித் துண்டு வந்தது 2019 நவம்பரில். அதற்குப் பிறகுதான் ஹட்டனிலிருந்து போகிற வான் கடுவெலயில் ஏறினால் கொழும்பு நெரிசலுக்குள் போகாமல் நேராகக் கட்டுநாயக்க வரை போக முடிகிறது. நம்ம அப்பாமார், மாமாமார் லைசன் எடுத்த காலத்தில் இப்படி ஒரு பாதையே இல்லை. அவர்கள் ஓட்டப் பழக்கிக் கொடுத்த பிள்ளைகளுக்கும் இதை யாரும் தனியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால், எத்தனை வருஷ அனுபவம் இருக்கிற சாரதியாக இருந்தாலும் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

தவறிவிட்டால் எங்கே இறங்குவது

ரிவர்ஸ் எடுக்காதே என்று சொன்னால் மட்டும் போதாது, பிறகு என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டும். சாரதி பதறுவது வழி தெரியாததால்தான். நம்ம வழியில் எந்த இடத்தில் தவறினாலும் தப்பிக்க வழி இருக்கிறது. இதை வாசித்து மனசில் வைத்துக்கொள்ளுங்க.

போகும்போது: அவிசாவளை, ஹன்வெல்ல, கடுவெல. கடுவெலயில் ஏறுகிற இடத்திலேயே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கடவத்தை, கெரவலப்பிட்டிய, கட்டுநாயக்க பக்கம். மற்றது கொட்டாவை, காலி, மாத்தறை பக்கம். இங்கேதான் நம்ம ஆட்கள் முதலில் தடுமாறுகிறார்கள். கொட்டாவை பக்கம் ஏறிவிட்டால் ஒன்றும் குடிமுழுகவில்லை. அத்துருகிரியவில் இறங்கிக் காசைக் கட்டி, அங்கேயே மறுபக்கத்துக்கு ஏறித் திரும்பி வரலாம். சில நிமிஷமும் கொஞ்சம் காசும்தான் நஷ்டம்.

கெரவலப்பிட்டியவில் வெளிவட்டப் பாதை கட்டுநாயக்க பாதையோடு சேருகிறது. ஒரு பக்கம் ஏர்போர்ட், ஒரு பக்கம் கொழும்பு. கொழும்புப் பக்கம் போய்விட்டால் பேலியகொடையில் வெளியே வந்து, திரும்ப ஏறி வடக்கே போங்க. கட்டுநாயக்க பாதையில் போகும்போது தெரியாமல் ஜா எலவில் இறங்கிவிட்டால் திரும்ப ஏறக்கூட வேண்டியதில்லை. அங்கே இருக்கிற நீர்கொழும்பு ரோட் சீதுவை வழியாகக் கட்டுநாயக்கவுக்குத்தான் போகிறது.

திரும்பி வரும்போது இன்னும் லேசு. கடுவெலயில் இறங்க வேண்டியதைத் தவறவிட்டால் நேராகக் கொட்டாவைக்குப் போய் இறங்குங்க. அங்கே ஹைலெவல் ரோட் இருக்கிறது. ஹோமாகம, மீகொட வழியாக அதுவும் அவிசாவளைக்குத்தான் வருகிறது. கெரவலப்பிட்டியவிலேயே திரும்பத் தவறி, பேலியகொடை வரைக்கும் போய்விட்டாலும் ஒருகொடவத்தை, வெல்லம்பிட்டி வழியாகப் பழைய லோ லெவல் ரோட்டில் கடுவெலக்கு வந்துவிடலாம். நெரிசல் இருக்கும், நேரம் போகும். ஆனால் இந்த வழிகள் எல்லாம் கடைசியில் அவிசாவளையில் சேருகின்றன. அங்கே வந்துவிட்டால் பிறகு கித்துல்கலையும் கினிகத்தேனையும் நமக்குத் தெரியாத ஊரா?

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏறும்போது டிக்கெட் தருகிறார்கள், இறங்கும்போது ஓடின தூரத்துக்குக் கட்டணம். அடுத்த வாயில் வரை போனால் கொஞ்சம் கூடும், திரும்ப ஏறினால் இன்னொரு டிக்கெட். எல்லாம் சேர்த்தாலும் ஒரு பம்பரைத் தட்டி நிமிர்த்துகிற கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.

முதல் நாள் இரவே செய்ய வேண்டியது

ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்க: அவிசாவளை, ஹன்வெல்ல, கடுவெல, கடவத்தை, கெரவலப்பிட்டிய, கட்டுநாயக்க. பாதையில் இருக்கிற போர்டுகளில் மூன்று மொழியிலும் ஊர்ப் பெயர் இருக்கிறது. வாயில் வருவதற்கு வெகு தூரத்துக்கு முன்னாலேயே போர்டு வரத் தொடங்கும். முன் சீட்டில் இருக்கிறவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போர்டைச் சத்தமாக வாசிக்க வேண்டும். போன் மேப் வேலை செய்தால் நல்லது. ஆனால் போன் சாரதியின் கையில் இருக்கக்கூடாது, முன் சீட்டுக்காரரின் கையில் இருக்க வேண்டும். முதல் போர்டு வந்தவுடனேயே இடது வரிசைக்கு வந்துவிடுங்க. வலது வரிசையில் பறந்துகொண்டிருந்துவிட்டு, வாயில் வந்த பிறகு குறுக்கே வெட்டினால் வாயிலையும் தவறவிடலாம், மோதவும் செய்யலாம்.

அந்த முன் சீட்டை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். வழக்கமாக வீட்டுக்குப் பெரிய மனுஷருக்குக் கொடுப்போம். அவர் கித்துல்கலை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். ஏர்போர்ட் பயணத்தில் மட்டும் கண் விழித்திருக்கக்கூடிய, போர்டு வாசிக்கத் தெரிந்த தங்கச்சியையோ தம்பியையோ முன்னால் உட்கார வையுங்க. பெரியவரிடம் காரணத்தைச் சொன்னால் கோபிக்கமாட்டார்.

நேரத்தையும் கூட்டி எடுங்க. ரிவர்ஸ் எடுக்கச் சொல்வது சாரதியின் புத்தி அல்ல, கைக்கடிகாரம். "செக் இன் மூடிருவாங்க, மூடிருவாங்க" என்று பின்னால் இருந்து நாலு பேர் கத்தும்போது எந்த மனுஷனும் தடுமாறுவான். ஒரு மணித்தியாலம் முன்னாலேயே தோட்டத்தை விட்டு வெளிக்கிட்டால் ஒரு தரம் வழி தவறினாலும் பயணம் தப்பாது. மலையில் மண் சரிந்து பாதை அடைபடுவதற்கு நேரம் ஒதுக்குகிறோம், வழி தவறுவதற்கும் ஒதுக்குவோம்.

பிள்ளைக்கு வாந்தி வந்தால்

நம்ம பிள்ளைகளுக்கு வானில் வாந்தி வருவது சகஜம். ஹட்டனிலிருந்து அவிசாவளை வரைக்கும் முடக்கு முடக்காக இறங்கி வந்த வயிறு, நேர் பாதைக்கு வந்த பிறகும் புரட்டும். மலைப் பாதையில் உடனே ஓரமாக நிறுத்திவிடுவோம். ஹைவேயில் அது முடியாது.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு, தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் 2017 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்க. ஒரு பொறியியல் மாணவர் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன கார் திடீரென்று நின்றது. அதன் பின்பக்கத்தில் மோதி ரோட்டில் விழுந்தார். பின்னால் வந்த பஸ் அவர் மேல் ஏறியது. இடது காலை எடுக்க வேண்டி வந்தது. கார் ஓட்டியவர் சொன்ன காரணம், கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவது போல இருந்தது என்பது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பின்னால் வருகிறவர்களுக்குச் சைகை காட்டாமல் நெடுஞ்சாலையில் திடீரென்று நிறுத்தியது கவனயீனம், அந்தக் காரணத்தை ஏற்க முடியாது என்று சொல்லி, பொறுப்பில் 50 வீதத்தைக் கார் ஓட்டியவர் மேலும், 30 வீதத்தைப் பஸ் பக்கமும், 20 வீதத்தை அந்த மாணவர் மேலும் வைத்தார்கள். மாணவர் முன் வாகனத்தோடு போதிய இடைவெளி விடவில்லை, அவரிடம் செல்லுபடியான லைசனும் இல்லை. மனைவி மேல் இருந்த அக்கறையில்தான் அந்த மனுஷன் பிரேக்கை மிதித்திருப்பார். அந்த அக்கறைக்கு இன்னொரு பிள்ளையின் கால் போனது. நின்றதற்கே இப்படி என்றால் பின்னுக்கு வந்தால் எப்படி இருக்கும்?

அதனால் வானில் ஏறும்போதே ஷொப்பிங் பேக் நாலைந்தும், ஒரு போத்தல் தண்ணியும், பழைய துவாயும் சீட்டுப் பையில் வையுங்க. அவிசாவளையில் ஒரு தரமும் கடுவெலயில் ஏறுவதற்கு முன் ஒரு தரமும் நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, ஒன்றுக்குப் போகச் சொல்லுங்க. தெற்குப் பாதையில் வெலிபென்னவில் ஓய்விடம் இருக்கிறது, ஆனால் அது நம்ம வழியில் இல்லை. கடுவெலயிலிருந்து கட்டுநாயக்க வரை 35 கிலோமீற்றர் அளவுதான், அரை மணித்தியாலம்கூட எடுக்காது. அதுவரை பிள்ளை பேக்கில் எடுக்கட்டும். வான் நாறினால் கழுவிக்கொள்ளலாம்.

சீட் பெல்ட்டையும் போட வையுங்க. ஹைவேயில் பின் சீட்டுக்காரர்களும் போட வேண்டும் என்று 2025இல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பழைய வானில் பின் சீட்டுக்கு பெல்ட் இருக்கிறதா என்று வான் பேசும்போதே கேளுங்க.

வான் நின்றுவிட்டால்

மலை ஏறி இறங்கிச் சூடான இன்ஜின் ஹைவேயில் நின்றுபோவது நடக்கிற விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் வேகத்திலேயே இடது ஓரத்து ஒதுங்கும் பகுதிக்கு வந்துவிடப் பாருங்க. ஹசாட் லைட்டைப் போடுங்க, இந்த இடத்தில் அது உண்மையைச் சொல்லும். நம்ம வான்களுக்கு இழுக்கிற கதவு இடது பக்கம்தான், அது நல்லதாகப் போயிற்று. எல்லாரும் அந்தப் பக்கமாக இறங்கி, இரும்பு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். சாரதியும் வலது கதவைத் திறக்காமல் இடது பக்கமாகவே இறங்கட்டும். வானுக்குள் உட்கார்ந்திருப்பதோ, பின்னால் நின்று தள்ளுவதோ, ஓரத்தில் பாயை விரித்துச் சோற்றுப் பொதியைப் பிரிப்பதோ கூடவே கூடாது. பிறகு 1969க்குப் போன் எடுங்க. அதிவேக நெடுஞ்சாலை அவசர இலக்கம் அது. யாருக்காவது காயம் என்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ். ஓரத்தில் இருக்கிற கிலோமீற்றர் எண்ணைப் பார்த்துச் சொன்னால் உங்களைக் கண்டுபிடிப்பது லேசு. இரண்டு இலக்கத்தையும் இன்றைக்கே போனில் பதிந்துவையுங்க.

கட்டணம் வாங்குகிற இடத்தில் வரிசை மாறிப் போய்விட்டாலும், அதாவது இலத்திரனியல் அட்டைக்காரர்களின் வரிசையில் மாட்டிக்கொண்டாலும், பின்னுக்கு எடுக்காதீங்க. அங்கே வேலை செய்கிறவர் வருவார். கண்ணாடியை இறக்கிச் சொல்லுங்க. பின்னால் நாலு வாகனம் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

தோட்டத்துக்கு வந்த பிறகு

ரிவர்ஸ் எடுக்க வேண்டிய இடம் நம்ம ஊர். அங்கேயும் அதை ஒழுங்காக எடுக்க வேண்டும். லயத்து வாசலில் வான் வந்து நின்றால் பிள்ளைகள் ஓடிவந்து மொய்க்கும். மூன்று வயசுப் பிள்ளையின் தலை வானின் பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும், எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. வானை எடுப்பதற்கு முன் சாரதி ஒரு தரம் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். ஒருத்தர் மட்டும் கை காட்ட வேண்டும். அவரும் வானுக்கு நேர் பின்னால் நிற்காமல், சாரதியின் கண்ணாடியில் தெரிகிற பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் உடனே பிரேக். நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து "வா வா" என்று கத்துவதை நிறுத்துங்க. அந்த நேரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு அம்மா கூட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றால் போதும்.

மெயின் ரோட்டுக்கு இறங்கும்போதும் கவனம் வேண்டும். தோட்டத்துப் பாதையிலிருந்து ஹட்டன் ரோட்டுக்கு ஒருநாளும் பின்பக்கமாக இறங்காதீங்க. உள்ளே போகும்போதே திருப்பி நிறுத்திவிட்டால், வெளிக்கிடும்போது முகம் ரோட்டைப் பார்க்கும். பனி மூடிய காலையில் முடக்கிலிருந்து வருகிற பஸ்ஸுக்கு உங்கள் வானின் முன் லைட்டாவது தெரியும்.

கடைசியாக, வான் பிடித்துப் போகிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஹயருக்கு ஓட்டுகிற தம்பி ஏன் ரிவர்ஸ் எடுக்கிறான் தெரியுமா? அடுத்த வாயில் வரை போனால் கூடுகிற ஹைவே காசையும் டீசல் காசையும் தன் கூலியில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். வான் முதலாளியும் கேட்பார், நாமும் முகத்தைச் சுளிப்போம். அதனால் வான் பேசுகிற அன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்க: "தம்பி, வழி தவறினா தவறட்டும், அடுத்த வாயில் வரைக்கும் போ. கூடுகிற காசு எங்க கணக்கு." சொன்னபடி அந்தக் காசை அவன் கேட்காமலேயே கொடுத்தும் விடுங்க.